ரசூல் பாயின் நாலு ஸ்பீக்கர்

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரசூல் பாய் தன் அம்பாசடரில் பாட்டுப் போட்டால் ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளிக் கூடை தானாகச் சரியும். கிருஷ்ணகிரி அணையில் மீன்கள் கரையேறி வந்து என்ன விசேஷம் என்று விசாரிக்கும். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் நிற்கும் கர்நாடகா போலீஸ்காரர் தொப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். விண்வெளியில் சுற்றிக்கொண்டிருந்த ரஷ்யாக்காரர்கள் கீழே எட்டிப் பார்த்து, இந்தியாவில் தீபாவளியை முன்கூட்டியே வைத்துவிட்டார்களா என்று கேட்டதாகவும் ஒரு தகவல் உண்டு. இதில் ஏதாவது ஒன்று பொய்யாக இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது படிக்கிறவர் பாடு.

ஒன்று மட்டும் சத்தியம். அந்தப் பாட்டைக் கேட்காத ஆள் தர்மபுரி ஜில்லாவிலேயே ஒருவர்தான். அவர் ரசூல் பாய்.

எடுத்த எடுப்பில் செவிடு என்று சொல்லிவிடவும் முடியாது. முகத்துக்கு நேரே நின்று பேசினால் கொஞ்சம் காதிலும் மீதி உதட்டிலுமாகப் பிடித்துக்கொள்வார். முதுகுக்குப் பின்னால் பேசினால் ஒன்றும் கிடையாது. பன்னிரண்டு வருஷம் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் தகரம் அடித்தவர். பெரிய பிரஸ் இறங்கும்போது தரையோடு சேர்ந்து பல்லும் ஆடும். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுப்பார்கள். சித்திரை மாத வியர்வையில் ஊறிப்போன பஞ்சை எவனும் வைக்கமாட்டான். அங்கே வேலை பார்த்தவர்கள் வாயசைத்தே பேசிப் பழகியவர்கள். கேன்டீனில் அவர்கள் மேஜையில் சத்தமே இருக்காது, ஆனால் பயங்கரமான சண்டை நடந்துகொண்டிருக்கும்.

ரசூலுக்குச் சொந்த ஊர் உத்தனப்பள்ளி. அவருடைய அத்தா சந்தை சந்தையாக வளையல் விற்று, கூவிக் கூவித் தொண்டையை இழந்தவர். அத்தாவுக்குத் தொண்டை, மகனுக்குக் காது. சத்தத்துக்கு அந்தக் குடும்பம் கட்டிய வரி அது.

கம்பெனி ஆள் குறைத்தபோது கையில் வந்த தொகைக்கு அவர் இந்தக் காரை வாங்கினார். அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. முன்பு ஒரு டாக்டர் வைத்திருந்தது, அதனால் சீட்டில் ரொம்ப நாள் டெட்டால் வாசனை இருந்தது. எண்பத்தாறில் டாக்ஸி ஸ்டாண்டு வரிசையில் அதற்கு ஒரு இடம் கிடைத்தது. வரிசையை நடத்துகிறவர் பரமசிவம். லாரியில் பாதி ஆயுளையும் டாக்ஸியில் மீதியையும் ஓட்டி முடித்த பெரியவர். எந்த சவாரியும் அவர் விரல் நீட்டுகிற பக்கம்தான் போகும். காது கேட்காத டிரைவர் என்று அங்கே ஒரு வாய் சொன்னால் போதும். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிப்பது கேட்காதவன் வண்டியில் எவன் பெண்டாட்டி பிள்ளையை ஏற்றுவான்? வரிசையில் இடம் போகும். இடம் போனால் வண்டியும் போகும். திரும்பிப் போக பிரஸ் ஷாப்பும் இல்லை. ஆகவே செவிடன் என்று வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் ரசூலுக்கு முதல் வேலை. கார் ஓட்டுவது அதற்கு அடுத்த வேலை.

வீட்டில் மறைக்க முடியவில்லை. மனைவி பேகம் நாலு தடவை கூப்பிட்டுப் பார்ப்பார், ஐந்தாவதாக ஒரு தக்காளியை எடுத்து முதுகில் எறிவார். தக்காளி விலை ஏறும் மாதங்களில் வெங்காயம். அது வலிக்கும் என்பதால் விலைவாசியைப் பற்றி ரசூல் அளவுக்குக் கவலைப்பட்டவர் ஓசூரில் இல்லை.

காப்பாற்றும் வழியை ஒரு சவாரிக்காரர்தான் அவருக்குத் தெரியாமலே காட்டிக்கொடுத்தார். அப்போது காரில் டாக்டர் காலத்து ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, டேஷ்போர்டுக்கு அடியில் கிழிந்து தொங்கியது. பின்சீட்டில் இருந்தவர் சூளகிரியில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். ரசூல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். சவாரிக்காரர் எட்டித் தோளைத் தட்டி, சத்தத்தைக் குறைக்கும்படி சைகை காட்டினார். சொன்னது காதில் விழாததற்குப் பாட்டுதான் காரணம் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். ரசூல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சத்தத்தைக் குறைத்தார். உள்ளுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. ஒரு கிழிந்த ஸ்பீக்கர் இவ்வளவு காப்பாற்றும் என்றால், நல்ல ஸ்பீக்கர் எவ்வளவு காப்பாற்றும்?

அதற்குப் பிறகு ரசூலுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ராயக்கோட்டை ரோட்டில் கார்களுக்கு ஒயரிங் செய்யும் ஜெயமணியின் கடையே கதி என்று கிடந்தார். முதலில் முன் கதவுகளில் கதவுக்கு ஒரு வட்ட ஸ்பீக்கர். அடுத்த மாதம் அது போதவில்லை. பின்சீட்டுக்கு மேலே கண்ணாடி ஓரம் இருக்கும் தட்டில் இரண்டு பெரிய ஓவல் ஸ்பீக்கர் வைக்கவேண்டும் என்றார். பழைய காரில் அந்தத் தட்டு வெறும் அட்டை. மழைத் தண்ணீர் குடித்து அப்பளம் மாதிரி இருந்தது. அதைப் பிய்த்துவிட்டுப் பலகை அடித்தார்கள். அதற்கும் அடுத்த மாதம் சத்தத்தைக் கூட்டும் ஒரு பூஸ்டர், பாட்டுக்கு ஏற்பச் சிவப்பும் பச்சையுமாகத் துள்ளும் விளக்குகளோடு. கேசட் ஓடுகிறதா இல்லையா என்று ரசூல் பார்த்துத் தெரிந்துகொண்டது அந்த விளக்குகளில்தான். பழைய வண்டியின் டைனமோவால் இத்தனையையும் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு தபேலா அடிக்கும் ஹெட்லைட் ஒரு முறை மங்கி எரிந்தது. பொழுது சாயும் நேரத்தில் எதிரே வந்த லாரிக்காரர்கள் பாய் ஏதோ சிக்னல் கொடுக்கிறார் என்று நினைத்து, தாங்களும் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டு மரியாதை செய்துவிட்டுப் போனார்கள்.

ஓவல் ஸ்பீக்கரை மாட்டிய அன்று ஒரு வேடிக்கை நடந்தது. ஜெயமணி பாட்டைப் போட்டார். கூடியிருந்த டிரைவர்கள் பிரமாதம் என்றார்கள். ரசூல் பலகைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அடிச்சத்தம் இல்லை என்றார். ஜெயமணிக்கு ரோஷம் வந்து பிரித்துப் பார்த்தால், ஒரு ஸ்பீக்கருக்கு பிளஸ் மைனஸ் ஒயர் மாறியிருந்தது. அப்படி மாறினால் ஒன்று முன்னே தள்ளுவதை மற்றது பின்னே இழுத்துவிடும். பாட்டு கேட்கும், கனம் செத்துப்போகும். காது உள்ள பத்துப் பேருக்குத் தெரியாதது கையால் கேட்கிறவருக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்குப் பிடித்தது சனி. ஓசூரிலேயே நல்ல காது ரசூல் பாய் காதுதான் என்று பேர் பரவியது. புதிதாக மாருதி வேன் வாங்கியவர்கள், தளி ரோட்டு மில் முதலாளி, கல்யாண மண்டபத்து மைக் செட்காரர் எல்லோரும் வந்து, பாய், ஒரு நிமிஷம் கேட்டுச் சொல்லுங்க என்று கூட்டிக்கொண்டு போனார்கள். ரசூல் பலகைமேல் கை வைப்பார், கண்ணை மூடுவார், மேலே பார்ப்பார், ஏதாவது சொல்வார். ஒவ்வொரு பாராட்டும் அவருக்குப் போலீஸ்காரர் கதவைத் தட்டுவதுபோல இருந்தது. உட்கார்ந்தால் தொடை ஆடியது. நின்றால் வண்டியைத் துடைத்தார். பளபளக்கும் வண்டியை மறுபடி துடைத்தார். காரில் உள்ளே ஒன்றும் வெளியே இரண்டுமாக இருந்த கண்ணாடிகளைத் திருப்பித் திருப்பி வைத்தார். ஓட்டும்போது கண் அந்த மூன்றிலும் ஈ மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. ஒரு கீறல்கூட அந்த வண்டியில் விழவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இப்போது ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கேசட் ரெக்கார்டிங் கடைக்கு வருவோம். அங்கே பத்தாவது வகுப்பை இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு அந்த வகுப்பின்மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்ட ஒருவன் வேலை பார்த்தான். பெயர் தீர்த்தகிரி. இதை எழுதுகிறவன் அவன்தான். ஆகவே அவன் அழகன், புத்திசாலி என்பதை நம்பிக்கொள்ளலாம். ரசூலுக்குக் காது கேட்காது என்பது அவனுக்கு முதல் வாரமே தெரியும். பாய் முதுகைத் திருப்பியதும் பின்னால் நின்று, யோவ் வெங்காயம், யோவ் தக்காளி மூட்டை என்று சொல்லிப் பார்ப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. வேறு யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அத்திப்பள்ளியைத் தாண்டியதும் தமிழ்க் கேசட்டை எடுத்துவிட்டுக் கன்னடக் கேசட்டைப் போடுவது ஓசூர் டிரைவர்கள் வழக்கம். எவரும் சட்டம் போடவில்லை, ஒரு மரியாதை. ரசூல் அதற்காகத் தீர்த்தகிரியிடம் ஒரு கேசட்டில் கன்னட பஜனைப் பாட்டுப் பதியச் சொன்னார். ஒரு பக்கம் நிறைந்தது. மறுபக்கம் என்ன போட என்று கேட்டான். காலியாக விடாமல் எதையாவது போடு என்றார். எதையாவது என்றால் தீர்த்தகிரியின் அகராதியில் என்ன இருக்கும்? சிங்காரப்பேட்டைப் பக்கம் நடந்த ஒரு தெருக்கூத்தில் கோமாளி பேசிய பேச்சை யாரோ திருட்டுத்தனமாகப் பதிந்து கொண்டுவந்திருந்தார்கள். அதைப் பதிந்தான். கேசட்டைக் கையால் திருப்பிப் போட்டால்தானே மறுபக்கம் ஓடும்? பாய் அந்தப் பக்கத்தை ஒரு நாளும் திருப்பவில்லை.

ஆனால் பாய்க்கு ஆசை அடங்கவில்லை. பெங்களூர் போய் எஸ்.ஜே.பி. ரோட்டில் ஒரு புது கேசட் டெக் வாங்கி மாட்டினார். ஒரு பக்கம் முடிந்ததும் தானாகவே மறுபக்கத்துக்குத் திரும்பிக்கொள்ளும் ரகம். ஆட்டோ ரிவர்ஸ் என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தது. ஏதோ சாமி பெயர் மாதிரி பார்த்துவிட்டு ரசூல் விட்டுவிட்டார்.

அடுத்த சவாரி ஒரு கன்னடக் குடும்பம். மத்திகிரியில் வீடு, ஆனேக்கல்லில் இறந்துபோன பெரியம்மாவின் காரியத்துக்குப் போகிறார்கள். செக்போஸ்ட் தாண்டியதும் ரசூல் பஜனையைப் போட்டார். பின்சீட்டில் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். சந்தாபுரம் திருப்பத்தில் கேசட் தானாகத் திரும்பியது. விளக்குகள் அதேபோல் துள்ளின. கோமாளி தன் மாமியாரின் இடுப்பளவைப் பற்றி ஆரம்பித்தான்.

எதிரே கரும்பு வண்டிகள் வரிசையாக வந்ததால் ரசூல் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்தபோது அந்த வீட்டுப் பெரியவர் முகம் சிவந்து, உதடு துடித்து, கண்ணில் தண்ணீரோடு இருந்தார். பக்தியில் உருகிவிட்டார் என்று ரசூல் நினைத்தார். மனசு இளகி, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

“காடி நில்ஸப்பா” என்று பெரியவர் கத்தியதைக் கண்ணாடியில் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். வண்டி நின்றது. அவர்கள் இறங்கி, பாதி வழியில் வேறு வண்டி பிடித்துப் போனார்கள். என்ன நடந்தது என்று ரசூலுக்கு அப்போதும் தெரியவில்லை. டெக்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பஜனையில் இருக்கும் தாளம் கைக்கு வரவில்லை. யாரோ பேசுகிற நடுக்கம் வந்தது. அப்போது புரிந்தது. டெக் தானாகவே மறுபக்கத்துக்குத் திரும்பியிருந்தது.

மறுநாள் பெரியவர் ஸ்டாண்டுக்கே வந்தார். துக்கத்துக்குப் போகிறவர்களுக்கு அசிங்கத்தைப் போட்டுக்காட்டி, கத்தக் கத்தச் சத்தத்தையும் கூட்டினான் என்று கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலுமாகச் சொல்லிவிட்டுப் போனார். பரமசிவம் ரசூலைக் கூப்பிட்டார். வேண்டுமென்றே செய்திருந்தால் ரசூல் கெட்டவன். தெரியாமல் நடந்திருந்தால் காது இல்லாதவன். மூன்றாவதாக ஒரு பதிலை ரசூல் தேடினார், அகப்படவில்லை. கவனிக்கலைண்ணா என்றார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வா, எல்லார் முன்னாலயும் உன் காதுக்கு ஒரு சோதனை, உன் பேரும் சுத்தமாயிடும் என்றார் பரமசிவம்.

வெள்ளி வருவதற்குள் ரசூல் இளைத்துப்போனார். சோறு இறங்கவில்லை. வீட்டில் பேகத்தைப் பின்னால் நிறுத்திக் கூப்பிடச் சொல்லிப் பழகிப் பார்த்தார். கூப்பிடாதபோது திரும்பினார், கூப்பிட்டபோது சும்மா இருந்தார். காரை எடுத்துக்கொண்டு அஞ்செட்டி வரை போய்விட்டு வந்தார். அங்கே பஸ்ஸே குறைவு, லாரி கிடையாது, காட்டு ரோட்டில் ஹாரன் அடிக்க ஆளில்லை. அங்கேயே குடிபோய் ஜீப் மாதிரி இதை ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று பேகத்திடம் சொன்னார்.

பேகம் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்று நிதானமாகச் சொன்னார். “அங்க யானை வரும்ங்க. அது ஹாரன் அடிக்காது.” பிறகு, “நாலு ஸ்பீக்கரு வாங்குன ஆளு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிட்டா என்ன? ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் எந்தத் தக்காளிய யார் மேல எறியறது?” என்றார்.

ரசூல் துணியை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை அம்பாசடர் ஸ்டாண்டின் நடுவில் நின்றது. பாட்டு இல்லை. பரமசிவம் மூன்று கண்ணாடிகளையும் வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டார். ரசூல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து நேரே பார்க்கவேண்டும். பரமசிவம் டிக்கிக்குப் பின்னால் நின்று கூப்பிடுவார். கூப்பிடும்போது பதில் வரவேண்டும். டிரைவர்கள் சுற்றி நின்றார்கள். எவரும் ரசூல் கண்ணில் படும் பக்கம் நிற்கக் கூடாது என்று உத்தரவு.

ரசூல் நேரே பார்த்தார். நேரே இருந்தது கேசட் கடை. கடை வாசலில் தீர்த்தகிரி நின்றுகொண்டு தலையைச் சொறிந்தான்.

சாதாரணமாகச் சொறியவில்லை. காருக்குப் பின்பக்கம் பரமசிவம் நின்ற இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரசூலைப் பார்த்துச் சொறிந்தான். அது சைகை என்று ரசூலுக்குப் பட்டது. துணிந்து, “சொல்லுண்ணா” என்றார்.

கூட்டம் தலையாட்டியது. பரமசிவம் குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார். தீர்த்தகிரி சொறிந்தான். “சொல்லுண்ணா.” இன்னும் தாழ்த்தி, பக்கத்தில் நின்றவனுக்கே சரியாகக் கேட்காதபடி கூப்பிட்டார். “கேக்குதுண்ணா, சொல்லு.” அட, பாய் காது பாம்புக் காது என்று ஒருவன் சொன்னான். யாரோ டீ சொல்லப் போனார்கள். ரசூலின் தொடை ஆட்டம் அந்த வருஷத்தில் முதல் தடவையாக நின்றது.

அப்போது தீர்த்தகிரிக்கு நிஜமாகவே தலை அரித்தது. அந்தப் பிள்ளை என்ன செய்வான், எண்ணெய் வைத்துப் பத்து நாளாயிற்று. சொறிந்தான்.

“சொல்லுண்ணா” என்றார் ரசூல், தெம்பாக.

பரமசிவம் வாயில் டீ இருந்தது. கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். தீர்த்தகிரியின் கை தலையிலேயே நின்றுவிட்டது. அதைப் பார்த்த ரசூலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பரமசிவம் டம்ளரை டிக்கியின் மேல் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார். முகத்தை முகத்துக்கு நேராக வைத்துப் பேசினார்.

“நான் கூப்புடவே இல்ல ரசூலு.”

“தெரியுதுண்ணா.” ரசூல் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். “எனக்குக் கேக்காது. கம்பெனில இருந்தப்பவே போச்சு. பாட்டு போட்டது அதுக்குத்தான்.”

“பின்னாடி லாரி வந்தா?”

“கண்ணாடி இருக்கு.”

“சந்துல இருந்து ஆம்புலன்சு வந்தா?”

ரசூல் சாவியை நீட்டினார். பரமசிவம் வாங்கவில்லை. மனுஷனுக்கு மிஷின் கிடைக்குது, பெங்களூர் போய்க் காதுல மாட்டிக்கிட்டு வா என்றார். அதுவரை வரிசையில் பெயர் இருக்கும், சவாரி இருக்காது. மாட்டிக்கொண்டு வந்த பிறகும் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் காது மந்தம் என்பதை முதலில் சொல்லவேண்டும். அவர் ஏறினால் ஏறட்டும், இறங்கினால் இறங்கட்டும். சொல்லிவிட்டு ஆறிப்போன டீயைக் குடிக்கப் போனார்.

மூன்று மாதம் அம்பாசடர் துணி போர்த்திக்கொண்டு வீட்டு முன்னால் நின்றது. ரசூல் ஜெயமணி கடையில் கையால் கேட்டு ஸ்பீக்கர் மாட்டினார். தீபாவளி கழித்து மிஷின் வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா, சட்டைப் பையில் இருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் காதுக்குப் போகும். மாட்டிக்கொண்டு, துணியை விலக்கி, காரில் உட்கார்ந்து, தன் புகழ்பெற்ற நாலு ஸ்பீக்கரையும் முதன்முதலாகக் காதால் கேட்டார். சட்டென்று நிறுத்தினார்.

“இந்தக் கர்மத்தையா ஊரே புகழ்ந்துச்சு?” என்று பேகத்திடம் கேட்டார். பேகம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தட்டில் இருந்த ஓவல் இரண்டையும் அன்றே கழற்றிவிட்டார். கதவில் இருந்தவற்றை மட்டும் விட்டுவைத்தார், சத்தக் குமிழ் பாதிக்கு மேல் திரும்பாது.

ஸ்டாண்டுக்கு வந்த முதல் சவாரி நஞ்சம்மா என்ற காய்கறி வியாபாரி. ராயக்கோட்டை போகவேண்டும். எனக்குக் காது மந்தம்மா, மிஷின் போட்டிருக்கேன், ஏதாச்சும்னா தோளத் தொட்டுச் சொல்லு என்று ரசூல் ஒரு வழியாகச் சொல்லி முடித்தார். அந்த அம்மா அவரையும் ஒயரையும் பார்த்தார். அடுத்திருந்த காரையும் பார்த்தார். பிறகு கூடைகளை ரசூல் வண்டி டிக்கியில் ஏற்றச் சொன்னார்.

தீர்த்தகிரிக்கும் அன்று கெலமங்கலம் முக்குவரை ஒரு வேலை இருந்தது. இருந்ததாக அவனே சொல்லிக்கொண்டு பின்சீட்டில் கூடைக்காரம்மா பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். வண்டி கிளம்பியது. பாயின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தான். காதில் ஒயரைக் காணோம். காற்றுக்குக் கழற்றி மடியில் போட்டிருப்பார் என்று நினைத்தான். பழைய பழக்கத்தில் வாய் திறந்தது. ஆனால் வெங்காயம் வரவில்லை.

“மூணு மாசம் நீ இல்லாம அந்த ஸ்டாண்டு நல்லாவே இல்லய்யா” என்றான், கூடைக்காரம்மாவுக்குக்கூடக் கேட்காத மாதிரி.

ரசூல் திரும்பவில்லை. கண்ணாடியிலும் பார்க்கவில்லை, முன்னால் ஒரு எருமை போய்க்கொண்டிருந்தது.

“ஒயரு இந்தப் பக்கத்துக் காதுலடா இருக்கு” என்றார்.